160 நாள் ஓடாத ரயில்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவில் 1947 அக்டோபரிலிருந்து 1948 மார்ச் வரை ஐந்து மாதம் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு கேள்விக்கு நாலே வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவே இல்லை. பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்ததால் சேர்க்க முடிந்ததைச் சேர்த்து, இந்த வாரப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் தாத்தா புதுச்சேரி சவானா மில்லில் தறி ஓட்டியவர். 1936 ஜூலை 30 துப்பாக்கிச் சூட்டைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார். எங்கள் ஊரையும் ஆப்பிரிக்காவையும் ஆண்டது ஒரே பிரெஞ்சுக்காரன்தானே, இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? (வாசகர், முதலியார்பேட்டை)

பதில்: உண்டு, நேரடியான தொடர்பே உண்டு. உங்கள் தாத்தா வேலை பார்த்த ஊருக்கும் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் தலைநகரான டாக்கருக்கும் உத்தரவு வந்தது பாரிஸில் இருந்த ஒரே காலனி அமைச்சகத்திலிருந்து. 1936 ஜூனில் லெயோன் ப்ளும் தலைமையில் மக்கள் முன்னணி என்ற இடதுசாரிக் கூட்டணி ஆட்சிக்கு வந்து, பிரான்ஸில் வாரத்துக்கு 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு விடுமுறை என்றெல்லாம் சட்டம் போட்டது. அந்தச் செய்தி காலனிகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்த தொழிலாளிகள் கேட்ட கேள்வி எளிமையானது: அதே ஆட்சிதானே எங்களையும் ஆள்கிறது, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? புதுச்சேரியில் அதைக் கேட்ட 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம், 1937 ஏப்ரலில், பிரெஞ்சிந்தியாவுக்கென்று தொழிலாளர் சட்டம் வந்தது. புதுச்சேரித் தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவும் அவரோடு நின்றவர்களும் ரத்தம் கொடுத்து வாங்கியது அது.

அதற்குச் சில வாரம் முன்னால்தான், 1937 மார்ச் 11 அன்று, மேற்கு ஆப்பிரிக்காவில் சங்கம் வைக்கலாம் என்று ஆணை வந்தது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: சங்கத்தில் சேருகிறவருக்குப் பிரெஞ்சு பேச, எழுதத் தெரிய வேண்டும், பள்ளிச் சான்றிதழும் வேண்டும். ஆபீஸ் குமாஸ்தாவுக்கு அது சரி. தண்டவாளத்தில் ஜல்லி போடுகிறவன், இன்ஜினுக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிறவன் சான்றிதழுக்கு எங்கே போவான்? ஆக, யாருக்குச் சங்கம் அதிகமாகத் தேவையோ அவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். 1938 செப்டம்பர் 27 அன்று செனகலில் தியெஸ் என்ற ரயில்வே ஊரில் அப்படி வெளியே நிறுத்தப்பட்ட தற்காலிகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது படையை இறக்கிச் சுட்டார்கள், 6 பேர் செத்தார்கள். உங்கள் தாத்தாவின் மில் வாசலுக்கும் தியெஸ் ரயில் நிலையத்துக்கும் இடைவெளி இரண்டு வருஷம்தான்.

கேள்வி: நான் ரயில்வேயில் பல வருஷம் கேஷுவலாக இருந்து, அப்புறம் பர்மனென்ட் ஆகி ஓய்வு பெற்றவன். ஐந்து மாத வேலைநிறுத்தம் என்று எழுதியிருந்தீர்கள். சம்பளம் இல்லாமல் ஐந்து மாதம் எப்படித் தாங்கினார்கள்? கோரிக்கைதான் என்ன? (வாசகர், விழுப்புரம்)

பதில்: ஐயா, இந்தக் கோரிக்கையை உங்களுக்கு விளக்க வேண்டிய அவசியமே இருக்காது, நீங்களே அதை அனுபவித்தவர். அங்கே 1946இல் ரயில்வேயில் ஐரோப்பியர்கள் 500 பேருக்கும் குறைவு, நிரந்தரப் பட்டியலில் இருந்த ஆப்பிரிக்கர்கள் 2,000 பேருக்குள், மீதி 15,000 பேருக்கு மேல் 'துணைப் பணியாளர்' என்ற பெயரில் தினக்கூலிகள். துணைப் பணியாளர் என்றால் வந்து போகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். டிரைவர், ஃபயர்மேன், பணிமனையில் ஃபிட்டர் என்று வண்டியை ஓட வைத்தவர்களே அவர்கள்தான். 15 வருஷம், 20 வருஷம் அதே இன்ஜினில் நின்றவர் காகிதத்தில் நேற்றுச் சேர்ந்த கூலிக்குச் சமம். குடியிருக்க ரயில்வே வீடு இல்லை, படி இல்லை, ஓய்வூதியம் இல்லை. பக்கத்தில் நிற்கும் பிரெஞ்சுக்காரருக்கு எல்லாமே உண்டு.

இப்ராஹிமா ஸார் என்ற இளைஞர் 1946இல் பழைய தலைமையை இறக்கிவிட்டுச் சங்கத்தைக் கையில் எடுத்தார். அவர் வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்று, 'ஒரே கேடர்'. கீழே கேங்மேன் முதல் மேலே இன்ஜினியர் வரை எல்லோருக்கும் ஒரே ஏணி, தோல் நிறம் பார்த்து இரண்டு ஏணி கூடாது, தற்காலிகத்தில் இருப்பவர்களையும் அந்த ஏணியில் ஏற்ற வேண்டும். வெள்ளைக்காரனே வெளியேறு என்று அவர் சொல்லவில்லை, நீ வாங்குகிற விதிப்படி எனக்கும் கொடு என்றார். இரண்டாவதைத் தாங்குவது பிரான்ஸுக்கு முதலாவதைவிடக் கஷ்டமாக இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். முதலாவதைச் சொல்கிறவனைத் துரோகி என்று சிறையில் போடலாம். இரண்டாவதைச் சொல்கிறவன் பிரான்ஸின் சட்டத்தையே எடுத்து நீட்டுகிறான், ஏனென்றால் 1946 மேயில் காலனி மக்கள் எல்லோரும் குடிமக்கள் என்று பாரிஸ் நாடாளுமன்றமே சட்டம் போட்டிருந்தது, அதற்கு ஒரு மாதம் முன்னால் கட்டாய உழைப்பையும் ஒழித்திருந்தது.

1947 ஏப்ரலில் பிரெஞ்சு ஜனாதிபதி வின்சென்ட் ஒரியோல் டாக்கருக்கு வரும் நேரம் பார்த்து வண்டிகளை நிறுத்தினார்கள். ஜனாதிபதி வந்திருக்கும்போது ரயில் நின்றால் மானம் போகும் என்று 'ஒரே கேடர்' கொள்கையை ஒப்புக்கொண்டார்கள். அவர் ஊருக்குத் திரும்பினதும் ரயில்வே நிர்வாகம் இழுத்தடிக்க ஆரம்பித்தது. அக்டோபர் 10 அன்று மொத்தமாக நிறுத்தம். டாக்கரிலிருந்து நைஜர் ஆறு வரை போகும் பாதை, கினியில் கொனாக்ரி பாதை, ஐவரி கோஸ்டில் அபிஜான் பாதை, தஹோமி (இன்றைய பெனின்) பாதை என்று நான்கும் சேர்ந்து நின்றன. டாக்கர் பாதை மட்டுமே 1,200 கிலோமீட்டருக்கு மேல்.

எப்படித் தாங்கினார்கள் என்றால், முதலில் ஒரு கடை. தியெஸில் ரயில்வேத் தொழிலாளர்களுக்குக் கூட்டுறவுக் கடை ஒன்று இருந்தது, அதில் கடனுக்குச் சாமான் கொடுத்தார்கள். வியாபாரிகள் பணம் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய துணை கிராமம். நிறையப் பேர் குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள், அக்டோபர் அறுவடை நேரம், அண்ணன் தம்பி வீட்டில் சோளமோ கம்போ இருந்தது, வயலில் கைகொடுத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். நகரத்தில் கூலி நின்றால் ஒரே வாரத்தில் காலில் விழுவார்கள் என்று கணக்குப் போட்ட நிர்வாகம், அந்தக் குடும்பக் கட்டமைப்பைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊர்வலம் போகாதீர்கள், கூட்டம் கூடிக் கத்தாதீர்கள், வீட்டில் இருங்கள், வயலைப் பாருங்கள் என்று இப்ராஹிமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். 1938இல் சுட்டவர்களுக்கு இன்னொரு காரணம் கொடுக்கக் கூடாது என்பதில் தெளிவாக இருந்தார். செல்வாக்குள்ள மதத் தலைவர் ஒருவரை அனுப்பி வேலைக்குத் திரும்பச் சொல்லிப் பார்த்தது அரசு, தொழிலாளிகள் மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள், திரும்பவில்லை. வேலைநிறுத்தத்தை மீறி வேலைக்கு வந்த கருங்காலிகளையும் ஐரோப்பியர்களையும் வைத்து ஒன்றிரண்டு வண்டி ஓடியது. அபிஜான் பாதைக்காரர்கள் மட்டும் ஜனவரி முதல் வாரத்தில் வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் அசையவில்லை. அப்புறம் புது கவர்னர் ஜெனரலாக பால் பேஷார் வந்த பிறகுதான் பேச்சுவார்த்தை உருப்படியாக நடந்து, 1948 மார்ச் 19 அன்று வேலைக்குப் போனார்கள். வேலைநிறுத்தம் செய்ததற்காக யாருக்கும் தண்டனை இல்லை, சம்பளம் 20 சதவீதம் கூடியது, ஒரே கேடர் நிலைத்தது. தற்காலிகத்தில் இருந்த எல்லோருக்கும் வீடு என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. முழு வெற்றி இல்லை, ஆனால் அடுத்து வந்த ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு இந்த ஐந்து மாதம் ஞாபகம் இருந்தது.

கேள்வி: அந்த வேலைநிறுத்தத்தில் பெண்கள் தியெஸிலிருந்து டாக்கர் வரை நடந்தே போனார்கள் என்று படித்தேன். உண்மையா? (வாசகி, கோவில்பட்டி)

பதில்: அது பின்னால் எழுதப்பட்ட புகழ்பெற்ற நாவல் ஒன்றில் வரும் காட்சி, அம்மா. படித்தவர் மனதில் அப்படியே நிற்கிற காட்சி, அதனால் வரலாறாகவே பலரும் சொல்லிவிடுகிறார்கள். நடந்தது வேறு மாதிரி. சம்பளம் நின்ற வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டது பெண்கள். சந்தையில் விற்று வந்த காசில் குடும்பம் ஓடியது. நின்று போராடினவரைப் புகழ்ந்து பாடினார்கள், கருங்காலியாகப் போனவனைப் பாட்டிலேயே கேலி செய்தார்கள். தெருவில் எல்லோரும் கேட்க உன் பெயரை வைத்து அப்படிப் பாடினால் மறுநாள் வேலைக்குப் போக எத்தனை ஆம்பளைக்கு மனம் வரும்? 160 நாள், நாளுக்கு இரண்டு வேளை உலை வைத்ததை நான் ஊர்வலத்தைவிடச் சின்னதாக நினைக்கவில்லை.

கேள்வி: செங்கோர், ஊஃபுவே-புவாஞி போன்ற தலைவர்கள் எல்லாம் தொழிலாளர் பக்கம் நின்றார்களா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தள்ளியே நின்றார்கள். ஊஃபுவே-புவாஞி ஐவரி கோஸ்டில் தோட்ட விவசாயிகளின் தலைவர், அறுவடை துறைமுகத்துக்குப் போக ரயில் வேண்டும், அந்த நேரத்தில் வேலைநிறுத்தம் வேண்டாம் என்பது அவர் எண்ணம். அபிஜான் பாதை முதலில் திரும்பியதை இதோடு சேர்த்துப் பாருங்கள். செனகலின் செங்கோர் மேடையேறி ஆதரிக்கவில்லை, ஆனால் தொழிலாளர் ஓட்டு எங்கே இருக்கிறது என்பதைச் சீக்கிரம் புரிந்துகொண்டார். 1946 டாக்கர் பொது வேலைநிறுத்தத்தின் தலைவர்களில் ஒருவரான அபாஸ் கேயை 1951 தேர்தலில் தன்னோடு நிறுத்தி, இருவருமாகப் பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள்.

இப்ராஹிமாவும் பிறகு அரசியலுக்கு வந்து, சுதந்திர செனகலில் பிரதமர் மமாது தியாவின் அமைச்சரவையில் இருந்தார். 1962 டிசம்பரில் ஜனாதிபதி செங்கோருக்கும் தியாவுக்கும் மோதல் முற்றியது, தியாவோடு இப்ராஹிமாவும் கைதானார். 20 வருஷத் தண்டனை. நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள கெடுகுவில் அடைத்தார்கள், 1974இல்தான் விட்டார்கள். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் ஐந்து மாதம் ரயிலை நிறுத்தியபோது அனுபவிக்காத சிறையைச் சொந்த நாட்டு ஆட்சியில் பதினொரு வருஷத்துக்கு மேல் அனுபவித்தார். இதை எழுதும்போதே எனக்கு மனம் கனக்கிறது.

கேள்வி: கினியின் செகூ தூரே தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர்தானே, அவரே ஏன் சங்கங்களை ஒடுக்கினார்? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். தூரே தபால் துறை ஊழியர், 1945இலேயே அங்கே சங்கம் கட்டியவர். 1952 டிசம்பரில் ஆப்பிரிக்கக் காலனிகளுக்குத் தொழிலாளர் சட்டம் வந்தது, வேலை வாரம் 48 மணியிலிருந்து 40 ஆனது. கூலி மணிக்கணக்கில் என்றால் நேரம் குறைய வாரச் சம்பளமும் குறையும். அதனால் மணிக் கூலியை 20 சதவீதம் ஏற்று என்றார்கள், 40 மணிக்கு அது சரியாகப் பழைய 48 மணிச் சம்பளம். முதலாளிகள் மறுத்தார்கள். 1953 செப்டம்பர் 21இல் கினியில் பொது வேலைநிறுத்தம் ஆரம்பித்து இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது, கிராமங்களிலிருந்து அரிசி வந்தது, கடைசியில் 20 சதவீதமும் கிடைத்தது. தூரே நாடறிந்த தலைவரானது அதில்தான். பிரான்ஸோடு ஒரே சமூகமாக நீடிப்பதா என்று 1958 செப்டம்பர் 28 அன்று நடந்த வாக்கெடுப்பில் கினி மட்டும் பிரெஞ்சுத் தலைவர் டி கோலுக்கு 'முடியாது' என்று சொன்னதற்குப் பின்னால் இருந்த கட்டமைப்பில் பாதி அந்தச் சங்கங்கள் கட்டியது.

ஆனால் நடுவில் ஒன்று மாறியது. 1956இல் பாரிஸ் ஒரு சட்டம் கொண்டுவந்து உள்ளூர் நிர்வாகத்தையும் பட்ஜெட்டையும் ஆப்பிரிக்க அமைச்சர்களிடம் கொடுத்தது. பிரெஞ்சுக்காரருக்குச் சமமான சம்பளம் கேட்டால் இனிப் பணம் பாரிஸிலிருந்து வராது, கொனாக்ரியில் உட்கார்ந்திருக்கும் ஆப்பிரிக்க அமைச்சர்தான் கொடுக்க வேண்டும். நேற்று வரை மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த தூரே அந்தப் பக்கம் போய்விட்டார். 1957 ஜனவரியில் தஹோமியின் கோத்தோனு நகரில் ஆப்பிரிக்கத் தொழிற்சங்கங்கள் பிரான்ஸின் தலைமைச் சங்கங்களை உதறிவிட்டு ஒரே அமைப்பாகச் சேர்ந்தபோதே, வர்க்கப் போராட்டம் இருக்கட்டும், முதலில் காலனி ஆட்சியை எதிர்ப்போம் என்ற பேச்சு மேலே வந்துவிட்டது. சுதந்திரம் வந்ததும் அதே பேச்சு, நம்முடைய அரசை எதிர்த்து யார் வேலைநிறுத்தம் செய்வது என்று மாறியது. 1961இல் சம்பள விஷயத்தை எழுப்பிய ஆசிரியர் சங்கத் தலைவர்களைச் சதிகாரர்கள் என்று, அப்போது ஜனாதிபதியாக இருந்த தூரே சிறையில் தள்ளினார்.

நிதி நெருக்கடி, பிரான்ஸ் கொடுத்த தொல்லை எல்லாம் உண்மைதான். ஆனாலும் இதை நியாயப்படுத்த என்னால் முடியாது, அம்மா. ஆசிரியர் கேட்டது சம்பளம், அவருக்குக் கிடைத்தது சிறை.

கேள்வி: இந்த வரலாற்றில் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னும் இரண்டு பேரைச் சொல்லுங்கள். (வாசகர், சேலம்)

பதில்: கேமரூனின் ரூபன் உம் நியோபே ஒருவர். தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர், அந்தச் சங்கக்காரர்கள் 1948 ஏப்ரலில் துவாலாவில் தொடங்கிய கட்சிக்கும் பொதுச்செயலாளர் ஆனார். 1952இல் ஐக்கிய நாடுகள் சபைக்கே போய்த் தன் நாட்டின் ஒற்றுமையையும் சுதந்திரத்தையும் கேட்டார். 1955இல் கட்சியைத் தடை செய்தார்கள், காட்டுக்குள் போனார், 1958 செப்டம்பர் 13 அன்று பிரெஞ்சுப் படை அவரைச் சுட்டுக் கொன்றது.

இன்னொருவர் துனிசியாவின் ஃபர்ஹத் ஹஷேத். கெர்கென்னா தீவில் பிறந்தவர். பிரெஞ்சுச் சங்கத்தில் பல வருஷம் உழைத்துவிட்டு, அதில் துனிசியனுக்கு இடமில்லை என்று கண்டு 1946 ஜனவரியில் தனிச் சங்கம் கட்டினார். 1952 டிசம்பர் 5 காலை, தலைநகர் துனிஸுக்குப் பக்கத்தில் ரதெஸில் இருந்த வீட்டிலிருந்து காரில் கிளம்பியவரை வழியில் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு 38 வயது. இரண்டு நாள் கழித்து, சுமார் ஆயிரம் மைல் தள்ளி, அவரைக் கண்ணால்கூடப் பார்த்திராத மொராக்கோத் தொழிலாளர்கள் காசாபிளாங்காவில் அவருக்காகத் தெருவில் இறங்கினார்கள், அவர்களில் பலரும் சுடப்பட்டார்கள்.