ஊருக்குள் வாக்குக் கேட்டு வருபவர்கள்: கேள்வி பதில்

கிராமங்களில் வேட்பாளர்கள் வாக்குச் சேகரிக்கும் முறை குறித்தும், அது தொடர்பான விதிகள் குறித்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கு 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும், ஊரக உள்ளாட்சித் தேர்தல்களுக்கு 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் பொருந்தும். எந்தத் தேர்தலைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதை எழுதினால் பதில் தெளிவாக இருக்கும்.

கேள்வி: ஊராட்சித் தலைவர் பதவிக்கு முதன்முறையாகப் போட்டியிட எண்ணியுள்ளேன். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், குறிப்பிட்ட இரண்டு தெருக்களின் வாக்குகள் முழுவதும் தம் கையில் இருப்பதாகவும், தம்மைக் கவனித்துக்கொண்டால் போதும் என்றும் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். மொத்தமாக வாக்கு வாங்கித் தருகிறேன் என்று சொல்பவர் அதே வாக்குறுதியைப் பெரும்பாலும் எதிர் வேட்பாளருக்கும் அளித்திருப்பார். முடிவு எதுவானாலும் அவருக்கு இழப்பில்லை. அதைவிட முக்கியமானது, நீங்கள் அவர் வழியாகப் போகும்போது அந்தத் தெருக்களில் வாழும் பெண்களும் இளைஞர்களும், வெளியூரில் வேலை பார்த்துவிட்டு வாக்களிப்பதற்காகவே ஊர் திரும்புபவர்களும் உங்கள் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார்கள் என்பதுதான். பெரியவரைப் பார்த்து மரியாதை செய்வது ஊர் வழக்கம். அதை விட வேண்டியதில்லை. ஆனால் வாக்கை அந்தந்த வீட்டு வாசலில் நின்று, அந்தந்த வாக்காளரிடமே கேளுங்கள். பகலில் போனால் காட்டு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் சென்றவர்களைப் பார்க்க முடியாது. அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் செல்லுங்கள். ஒலிபெருக்கியை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பயன்படுத்தக் கூடாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். குடிநீர், மயானப் பாதை, தெருவிளக்கு என்று அவர்கள் சொல்வதை அவர்கள் கண்முன்னே குறித்துக்கொள்ளுங்கள். ஊராட்சியின் அதிகாரத்துக்கு உட்படாத எதையும் செய்து தருவதாகச் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் ஆகிய இரண்டு பதவிகளுக்கும் கட்சி சார்பற்ற முறையில்தான் தேர்தல் நடைபெறுகிறது. ஊராட்சி ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் ஆகிய பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் உண்டு. ஊரக வாக்காளர் ஒருவருக்கு நான்கு வாக்குகள் இருப்பதால், எந்த வண்ணச் சீட்டு எந்தப் பதவிக்குரியது என்பதைச் சேர்த்துச் சொல்லி வாக்குக் கேளுங்கள். 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் தலைவருக்கு இளஞ்சிவப்பும், ஒன்றியத்துக்குப் பச்சையும், மாவட்டத்துக்கு மஞ்சளும் பயன்படுத்தப்பட்டன.

கேள்வி: ஆரத்தி எடுக்கும் பெண்களின் தட்டில் வேட்பாளர் பணம் போடுவது சம்பிரதாயம்தானே?

பதில்: தேர்தல் காலத்தில் வேட்பாளர் வாக்காளருக்குக் கொடுக்கும் பணம், தட்டில் விழுந்தாலும் கையில் விழுந்தாலும் பணம்தான். இதற்காக வேட்பாளர்கள் மீது வழக்குகள் பதிவாகியுள்ளன. ஆரத்தியை ஏற்றுக்கொண்டு கைகூப்பி நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி: கடந்த சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தெருவில் பணம் கொடுத்தவர்கள், சூடத்தை அணைத்துச் சத்தியம் வாங்கினார்கள். என் தாயார் இன்றுவரை அதற்கு அஞ்சுகிறார். மாற்றி வாக்களித்தால் குற்றமாகுமா?

பதில்: உங்கள் தாயாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அம்மா, சட்டத்துக்குப் புறம்பான காரியத்துக்காக வற்புறுத்தி வாங்கப்பட்ட சத்தியம் உங்களைச் சட்டப்படி எவ்வகையிலும் கட்டுப்படுத்தாது. நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று எவரும் உங்களைக் கேட்க முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆவது பிரிவின்படி நீதிமன்றச் சாட்சிக் கூண்டில்கூட அதைச் சொல்லுமாறு உங்களைக் கட்டாயப்படுத்த இயலாது. வாக்கை உறுதிப்படுத்தும் இயந்திரத்தில் சீட்டு 7 விநாடிகள் உங்களுக்கு மட்டும் தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுகிறது. அதில் உங்கள் பெயர் இல்லை.

அதே சமயம், பணம் கொடுப்பதும் வாங்குவதும், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆவது பிரிவின்படி லஞ்சக் குற்றமாகும். ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு.

கேள்வி: மேற்கண்ட பதிலை ஏற்க இயலவில்லை. கோடிகளை இறக்குபவரை விட்டுவிட்டு, கூலி வேலை செய்பவரைக் குற்றவாளி என்பது என்ன நியாயம்? வாங்கிக்கொண்டு மனம்போல் வாக்களிப்பதுதானே அவர்களுக்குச் சரியான பாடம்?

பதில்: கொடுப்பவரின் குற்றமே பெரிது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பாடம் புகட்டப்படுவதாக நான் நினைக்கவில்லை. வாக்குக்கு விலை உண்டு என்பது ஊரில் நிலைத்துவிட்டால், பணமில்லாத நேர்மையான வேட்பாளர் அந்த ஊருக்குள் நுழையவே தயங்குகிறார். மனம்போல் வாக்களிப்பதற்கு அங்கே தகுதியான ஆள் மிஞ்சுவதில்லை. பணப்பட்டுவாடா காரணமாக 2016ஆம் ஆண்டு அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தொகுதிகளில் மே மாதம் நடக்க வேண்டிய தேர்தல் நின்று, நவம்பரில்தான் நடந்தது. 2019ஆம் ஆண்டு வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் அவ்வாறே ஏப்ரலில் ரத்தாகி ஆகஸ்டில் நடந்தது. பணம் வாங்காதவர்களும் அந்த மாதங்களில் பிரதிநிதி இல்லாமலே இருந்தார்கள்.

கேள்வி: இரகசியம் என்று உறுதியாகச் சொல்கிறீர்கள். ஆனால் எங்கள் சாவடியில் தமக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்பதை வேட்பாளர் எண்ணிக்கையோடு சொல்லி, "உங்கள் ஊருக்கு ஏன் சாலை போட வேண்டும்?" என்று கேட்டார். இதற்கு என்ன பதில்?

பதில்: இந்த அமர்வில் வந்த கேள்விகளில் மிகவும் கனமானது இதுதான். தனி ஒருவரின் வாக்கு இரகசியமாகவே இருக்கிறது. ஆனால் சிற்றூரின் வாக்கு அப்படி இல்லை. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் படிவம் 20 என்னும் இறுதி முடிவுத் தாள் சாவடி வாரியாக வாக்குகளைக் காட்டுவதால், ஒரு சாவடிக்கு ஒரே ஊர் என்றிருக்கும் இடங்களில் அந்த ஊர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது வெளிப்படையாகிவிடுகிறது. நகரத்தில் இதனால் பெரிய பாதிப்பில்லை. கிராமத்தில் இதுவே மிரட்டலுக்கான கருவியாகிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதற்கு 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 59ஏ என்ற விதி இடமளித்தது. இயந்திரங்களுக்கும் அவ்வாறே பல சாவடிகளின் வாக்குகளைக் கூட்டி மொத்தமாக மட்டும் காட்டும் 'டோட்டலைசர்' என்னும் கருவியைப் பயன்படுத்தலாம் என்று சட்ட ஆணையம் 2015ஆம் ஆண்டு தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஊழலைக் கண்டறியச் சாவடி வாரிக் கணக்கு தேவை என்பவர்களின் வாதத்தையும் நான் அறிவேன். எனினும், வாக்களித்ததற்காக ஓர் ஊரே தண்டிக்கப்படும் ஆபத்து அதைவிடப் பெரியது.

அதுவரை, சாலை என்பது எவருடைய அன்பளிப்பும் அன்று என்பதைக் கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்து, நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் இரண்டு மூன்று ஊர்களுக்கு ஒரே சாவடி அமைத்துவிடலாமே?

பதில்: வேண்டாம். வாக்காளர் 2 கிலோமீட்டருக்கு மேல் நடக்க நேரக்கூடாது என்பது சாவடி அமைப்பதற்கான நெறி. சாவடியைத் தூரமாக்கினால் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வேட்பாளர் அனுப்பும் வண்டியை எதிர்பார்த்து நிற்பார்கள். அப்படி வண்டி அமர்த்தி வாக்காளர்களை ஏற்றிச் செல்வது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவின்படி முறைகேடான செயல்.

கேள்வி: பணம் வாங்கியவர் மாற்றி வாக்களித்தால் தெரிந்துவிடுமா? (இதே பொருளில் மேலும் பலர் எழுதியுள்ளனர்.)

பதில்: மேலே விரிவாக எழுதியுள்ளேன். எழுதும் முன் முந்தைய பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சாவடியில் கட்சிக்காரர் ஒருவரே பல முதியவர்களுக்கு 'உதவியாளராக' உள்ளே சென்று பொத்தானை அழுத்துகிறார். தடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு. பார்வையின்மையாலோ உடல் இயலாமையாலோ தாமாக வாக்களிக்க முடியாதவருக்கு மட்டுமே துணையாள் அனுமதிக்கப்படுவார். அவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரே நாளில் ஒருவர் ஒரு வாக்காளருக்கு மேல் துணையாக இருக்க முடியாது. வாக்கை இரகசியமாக வைப்பதாக உறுதிமொழியும் தர வேண்டும். இரண்டாவது முறை வருபவரைக் கண்டதும் வாக்குச்சாவடி முகவர் அங்கேயே தலைமை அலுவலரிடம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். மாலையில் வருந்திப் பயனில்லை.

கேள்வி: எங்கள் தொகுதியில் யார் வெல்வார்?

பதில்: இது இந்த அமர்வுக்குரிய கேள்வி அன்று.

கேள்வி: என் மனைவி பெண்களுக்கான ஒதுக்கீட்டில் ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிடுகிறார். வீடு வீடாக நான் சென்று வாக்குக் கேட்டால் போதுமா?

பதில்: போதாது. வேட்பாளர் அவர். நீங்கள் உடன் செல்லுங்கள். பேச வேண்டியவர் அவரே. முன்னரே சொன்னதை மீண்டும் சொல்கிறேன்: மொத்த வாக்கு வாங்கித் தருவதாக வருபவர்களை அவரிடமும் நெருங்கவிடாதீர்கள்.

கேள்வி: பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் போட்டியிடுகிறேன். சில தெருக்களுக்குள் வாக்குக் கேட்டு வரக்கூடாது என்று எச்சரிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மதுரை, விருதுநகர் மாவட்டங்களிலுள்ள பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகள், மனுத்தாக்கல் இல்லாமலும், வென்றவர் உடனே பதவி விலகியும் ஒதுக்கீடு முடக்கப்பட்டது, 2006ஆம் ஆண்டுதான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். ஆகவே உங்கள் எச்சரிக்கை உணர்வு நியாயமானதே. பட்டியல் சாதியினரை வாக்களிக்கவோ மனுத்தாக்கல் செய்யவோ விடாமல் மிரட்டுவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவின்கீழ் தனிக் குற்றம். மனுவைத் திரும்பப் பெறச் சொல்லி அழுத்தம் வந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். பிரசாரத்துக்குச் செல்லும் நாள், நேரம், தெரு ஆகியவற்றைத் தேர்தல் நடத்தும் அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். மிரட்டியவரின் பெயர், இடம், நேரம், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை அன்றைக்கே குறித்துப் புகாருடன் இணையுங்கள். எந்தத் தெருவையும் விட்டுவிடாதீர்கள். பாதுகாப்பு கேட்டுப் பெற்று, அந்தத் தெருக்களிலும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று வாக்குக் கேளுங்கள்.