இயர்பட்ஸ் எப்போதாவது தெரிகிறது, ஸ்மார்ட் பேண்ட் தெரிவதே இல்லை

வணக்கம். போனின் புளூடூத் பட்டியலில் இயர்பட்ஸ் சில நேரம் மட்டும் வருகிறது, கையில் கட்டும் ஸ்மார்ட் பேண்ட் வருவதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போனில் கோளாறு என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

இயர்பட்ஸை லேப்டாப்பிலும் பயன்படுத்துவதாகச் சொல்கிறீர்கள், என் சந்தேகம் அங்கேதான். பெட்டியைத் திறந்ததும் அது லேப்டாப்போடு ஒட்டிக்கொண்டால், பெரும்பாலான மாடல்கள் அப்புறம் போனின் தேடலில் சிக்காது. லேப்டாப்பில் புளூடூத்தை அணைத்துவிட்டு, இயர்பட்ஸைப் பேரிங் நிலைக்கு, அதாவது புதிய சாதனத்தோடு இணையத் தயாராக இருக்கும் நிலைக்கு, கொண்டுவாருங்கள். வெறுமனே ஆன் ஆகியிருந்தால் போதாது.

பேண்டை போன் செட்டிங்ஸில் தேடாமல் அதன் ஆப்பில் தேடுங்கள். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை என்றால் ஆப்புக்கு லொகேஷன் அனுமதி வேண்டும், லொகேஷனும் ஆன் செய்திருக்க வேண்டும். 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி உண்டு. அதை மறுத்திருந்தால் ஆப்பின் அனுமதிகளில் போய் மாற்றுங்கள்.

முக்கியமான இன்னொன்று. தெரியவில்லையே என்று தேடல் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு ஆப் 30 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் தேடலைத் தொடங்கினால் ஆண்ட்ராய்டு 7 முதல் சிஸ்டமே சத்தமில்லாமல் நிறுத்தி வைக்கும். பிழைச் செய்தி எதுவும் வராமல் பட்டியல் காலியாகவே கிடக்கும். ஒரு நிமிடம் பொறுத்து, ஒரே ஒரு முறை தட்டிப் பாருங்கள்.

போனின் இணைப்பு அமைப்புகளை அழித்து மீட்டமைக்கும் நெட்வொர்க் ரீசெட் கடைசியில்தான், வைஃபை பாஸ்வேர்டுகளும் அழிந்துவிடும். சரியாகவில்லை என்றால் ஆண்ட்ராய்டு எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.