பழைய மர வள்ளத்தைக் கரையேற்றிச் சரி செய்யும்போது எங்கெல்லாம் அடி வாங்க வேண்டியிருக்கும்?

வாங்கப்போகும் வள்ளம் 20 வருடப் பழசு, வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தொண்டிப் பக்கம் சித்தப்பாவின் 24 அடி வள்ளம் நாலு வருடமாகக் கடலோரத் தண்ணீரில் சும்மா கிடந்தது. சுனாமிக்குப் பிறகு பலரும் ஃபைபர் படகுக்கு மாறிவிட்டார்கள். இவருக்கு மட்டும் விற்க மனசு வரவில்லை. சரி செய்யலாம் என்று கிளம்பியது நான்.

முதல் நாளே கோணல். உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். இறைக்கச் சோம்பல்பட்டு, முன்முனையான அணியத்தில் கயிற்றைக் கட்டி டிராக்டரில் இழுத்தோம். ஒரு கன மீட்டர் தண்ணீரே ஒரு டன். பனந்தடி உருளைகள் மணலில் புதைந்தன, வள்ளம் நகரவில்லை, அணியத்து மரம் மட்டும் மடக்கென்றது. பார்த்தால் விரல் நுழையும் இடைவெளி. தண்ணீரை இறைத்துவிட்டு, கயிற்றைப் பின்பக்கம் அமரத்தைச் சுற்றி வளைத்துக் கட்டியிருக்க வேண்டும். பௌர்ணமி ஏற்றம் வரை பொறுத்திருந்தால் கொஞ்ச தூரம் கடலே தூக்கி வைத்திருக்கும்.

அப்புறம் புழு. வள்ளம் கட்டும் ஓடாவியார் சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. "தம்பி, இது பலகை இல்ல, புட்டுக்குழல்" என்றார். வெளியே குண்டூசித் துளைதான். உளியால் பிளந்தால் உள்ளே விரல் போகிற சுரங்கம், சுவரெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. கப்பல் புழு என்கிறோமே தவிர அது சிப்பி இனம். குஞ்சாக நுழைந்து உள்ளேயே வளர்வதால் வெளித்துளை பெரிதாவதில்லை. மூன்று பலகை போச்சு. அவற்றைக் கழற்றினால், பலகைகளை உள்ளேயிருந்து தாங்கும் வங்குகளிலும் துருப்பிடித்த ஆணியைச் சுற்றி மரம் கறுத்துச் சொதசொதத்திருந்தது. மழைத் தண்ணீர் தேங்கிய மூலைகள் உளுத்துவிட்டன. மரத்துக்கு உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் எமன்.

இதெல்லாம் பழைய சேதம். பெரிய அடி நாங்களே வைத்துக்கொண்டது. புதுப் பலகை வந்து சேர ஒன்றரை மாதம். அதுவரை வள்ளம் சித்திரை வெயிலில், மேலே ஓர் ஓலைகூட இல்லாமல் கிடந்தது. மரம் சுருங்கி, இடுக்கு வழியே வெளிச்சம் தெரிந்தது. பலகைகளை மாற்றிக் கொடுத்துவிட்டு ஓடாவியார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம், நானும் மச்சானும் கலப்பத்து (பலகை இடுக்குகளைப் பஞ்சால் அடைப்பது) அடித்துவிட்டோம். பஞ்சைத் திரித்து, இடுக்கு கொள்ளும் மட்டும் இறுக்கி அடித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசி, கடலில் இறக்கினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அன்று ராத்திரி பிரியாணி.

மரம் ஊறினால் உப்பும். உப்ப இடமில்லாமல் பலகைகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி, நான்கு இடத்தில் ஆணி வங்கை விட்டுப் பிடுங்கிக்கொண்டது. இரண்டாம் நாள் காலையில் போனால், அணியம் மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

ஓடாவியார் வந்து பார்த்தார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பஞ்சு முழுவதையும் பிடுங்கச் சொன்னார். பத்து நாள் ஈரச்சாக்கு போட்டு மூடி, பலகை நெருங்கிய பிறகு லேசாகத்தான் அடித்தார். இறக்கிய பிறகும் இரண்டு நாள் ஒழுகியது, இறைத்துக்கொண்டே இருந்தோம். மூன்றாம் நாள் நின்றது.

அந்த அணியத்து இடுக்கு மட்டும் இன்னும் கசிகிறது. அதற்கென்று ஒரு தகரக் குவளை வள்ளத்திலேயே கிடக்கிறது. செலவழித்த காசுக்கு ஃபைபர் படகே வாங்கியிருக்கலாமே என்று சித்தி இன்னும் கேட்கிறாள்.