பத்து வருட லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறவில்லை, லினக்ஸுக்கு மாறிவிடலாமா?

கேட்டவர் 2015-இல் வாங்கிய லேப்டாப் என்கிறார். வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை எடுத்துச் செய்கிறாராம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, 11 ஏற மாட்டேன் என்கிறது, நண்பர் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போடச் சொல்கிறார், போடலாமா என்பது கேள்வி.

போடலாம். நான் போட்ட மாதிரி மட்டும் போடாதீர்கள்.

கோத்தகிரியில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, பி.காம். அதனால் இதைப் படித்துவிட்டு "டெர்மினலில் நாலு வரி அடித்தால் முடிந்திருக்குமே" என்று எழுத வரும் நிபுணர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். எனக்கு அந்த நாலு வரிக் கட்டளை தெரியாமல் இருந்த காலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் லேப்டாப் கெட்டுப்போகவில்லை என்பதை மனதில் வையுங்கள். விண்டோஸ் 11 கேட்பது டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன பிராசஸரும். எட்டாம் தலைமுறை வெளிவந்ததே 2017-இல், 2015-இல் வாங்கிய உங்களிடம் அது எப்படி இருக்கும்? சுற்றுவழியில் ஏற்றிவிடலாம் என்று வீடியோ போடுகிறார்கள். ஏறும்தான், ஆனால் அப்புறம் அப்டேட் தொடர்ந்து வரும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆகவே உங்கள் பயம் நியாயமானதுதான்.

எனக்கு இதே பயம் வந்தது விண்டோஸ் 7-க்கு ஆதரவு முடிந்தபோது. தேதி மறக்கவே மறக்காது, 2020 ஜனவரி 14, போகி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கடையில் இருந்தது காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் இல்லை. 500 ரூபாய்க்கு ஒருவர் வந்து "போட்டுக்கொடுத்த" விண்டோஸ். நம் ஊரில் பாதிக் கடைகளில் அப்படித்தான் இருந்தது, இதில் யோக்கியன் வேடம் போட எனக்கு இஷ்டமில்லை. திரையின் வலது கீழ் மூலையில் "இது அசல் இல்லை" என்ற ஆங்கில வரி வந்து உட்கார்ந்துகொள்ளும். வருகிறவர்கள் எல்லாம் அதைப் படிப்பார்கள். ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் தினமும் படித்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்புத்தான் என்னை லினக்ஸுக்கு அனுப்பியது என்று சொன்னாலும் தப்பில்லை.

பொங்கலுக்குக் கடை நாலு நாள் லீவு. லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டைத் தரவிறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து பென் டிரைவில் ஏற்றி, போகி அன்று காலையில் உட்கார்ந்தேன். வெளியே தெருவில் பழைய பாயை எரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நான். இன்ஸ்டால் செய்யும்போது ஓர் இடத்தில் வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்கை, துடைத்துவிட்டு நிறுவவா, வேறு ஏதாவது செய்யவா என்று கேட்கும். விண்டோஸை ஃபார்மேட் செய்தால் சி டிரைவ்தான் போகும், டி டிரைவில் உள்ளது அப்படியே இருக்கும், இதுதான் எங்கள் தொழிலில் பத்து வருடப் பழக்கம். லினக்ஸுக்கு சி, டி எல்லாம் கிடையாது, அதற்கு வட்டு என்றால் முழு வட்டு. எச்சரிக்கையும் போட்டது, நான்தான் படிக்கவில்லை. சரி என்று அழுத்தினேன். இருபது நிமிடத்தில் அழகான பச்சை எழுத்தோடு புதுத் திரை வந்தது. டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து டி டிரைவைத் தேடினேன்.

அதில்தான் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் கணக்கு இருந்தது. ஏழு வருட வரவு செலவு, உபயதாரர் பட்டியல், திருவிழா நோட்டீஸ் எல்லாம். என்னை நம்பிக் கொடுத்திருந்தார்கள், நான் காசு கூட வாங்குவதில்லை.

பேக்கப் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தேன். 8 ஜிபி பென் டிரைவில், பாதி. அந்தப் பாதியில் இருந்தது என் தங்கை கல்யாண போட்டோ. சம்பந்தமே இல்லாமல்.

ஃபோட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அழிந்த வட்டில் துழாவி எடுத்துத் தரும். அதை ஓட்டியதில் ஆயிரக்கணக்கில் படங்கள் திரும்ப வந்தன, ஒன்றுக்கும் பெயர் இல்லை, எல்லாம் வெறும் எண்கள். யார் யாருடைய பாஸ்போர்ட் சைஸ் முகமெல்லாமோ வந்தது. கணக்கு வரவில்லை.

இதைக் கோயில் தலைவரிடம் சொல்ல எனக்கு இரண்டு மாதம் தைரியம் வரவில்லை. அதற்குள் மார்ச் வந்தது, ஊரடங்கு வந்தது, அந்த வருடம் திருவிழாவே நடக்கவில்லை. அம்மனே எனக்குக் கொடுத்த வாய்தா என்று எடுத்துக்கொண்டேன். கடையும் பூட்டித்தான் கிடந்தது. தலைவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "தம்பி, பிரிண்டு போட்ட தாள் எல்லாம் எங்கிட்ட இருக்கு, கம்ப்யூட்டரை நம்பியா கோயிலை நடத்துறோம்?" என்று ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். கற்பூர வாசனையோடு ஏழு வருட நோட்டீஸும் அதற்குள் அடுக்கி வைத்திருந்தது. பாதித் தாளில் ஈரம் பட்டு ஓரம் பழுப்பேறியிருந்தது, எங்கள் ஊர் ஈரத்துக்கு எந்தத் தாளும் தப்பாது.

மூன்று வாரம் உட்கார்ந்து திரும்ப அடித்தேன். அடித்த இடம் லினக்ஸ்தான். அப்போதுதான் தமிழ் டைப்பிங் பிரச்சினை முழுதாகப் புரிந்தது. நீங்களும் டைப்பிங் செய்கிறவர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விண்டோஸில் தமிழ் அடிக்க நான் என்.எச்.எம். ரைட்டர் வைத்திருந்தேன், அது லினக்ஸில் கிடையாது. அதற்குப் பதில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள், அதோடு எம்17என் என்று ஒரு விசைப்பலகைத் தொகுப்பு போட வேண்டும். அதில் தமிழ்99 விசைப்பலகை முறை இருக்கிறது, ஆங்கில ஒலிப்பில் அடிப்பதும் இருக்கிறது. தமிழ்99 பழகியவருக்கு ஒரு நாளில் கை வந்துவிடும். பழைய டைப்ரைட்டர் முறையில் பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர் என்றால் கொஞ்சம் அழ வேண்டியிருக்கும், நான் அழுதேன். பாமினியில் அடித்த பழைய கோப்பைத் திறந்தால் தமிழே இருக்காது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். பயப்படாதீர்கள், அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவலாம், நிறுவினால் தமிழ் தெரியும். ஆனால் பேஜ்மேக்கரில் செய்த கோப்பு என்றால் என்னால் ஒன்றும் முடியவில்லை, அதை விண்டோஸில் திறந்து பி.டி.எஃப். ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள், மாறுவதற்கு முன்பே. மைக்ரோசாஃப்டின் லதா எழுத்துருவில் வருகிற ஆவணத்தை, லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீசில் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து, ஒரு பக்கக் கடிதம் ஒன்றே கால் பக்கமாகிவிடும். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய் நிற்கும். பயோடேட்டா அடிக்க வரும் பையன்கள் இதைத்தான் முதலில் கவனிப்பார்கள்.

எந்தக் கம்ப்யூட்டரும் தமிழாகவே புரிந்துகொள்ளும் யூனிகோடில் திரும்ப அடித்ததில் ஒரு லாபம். இப்போது யாராவது வந்து "எங்க அப்பா பேருல 2016-ல உபயம் கொடுத்தோமே" என்றால் பெயரை அடித்துத் தேடினால் நொடியில் வருகிறது. பாமினி காலத்தில் அது நடக்காது. ஒரு நஷ்டமும் உண்டு. ஒருவர் பெயருக்கு நேரே 1001 ரூபாய் என்பதை 501 என்று அடித்துவிட்டேன். ஈரம் பட்ட தாள், நான் என்ன செய்ய. அவர் இன்று வரை என் கடைக்கு வருவதில்லை, எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுக்கிறார்.

என் அப்பா 1974-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தவர். நான் இப்படி ராத்திரி பகலாகப் புலம்பியதைப் பார்த்துவிட்டு, "நான் நாட்டையே மாத்திட்டு வந்து ஒரு டிரங்குப் பெட்டியோட நின்னேன், நீ ஒரு பொட்டிக்குள்ள இருக்கிறத மாத்துனதுக்கு இந்தக் கூத்தா" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் லினக்ஸுக்கு எதிரி என்று ஒரு கூட்டம் வரும்.

ஜெராக்ஸ் கடைக்கு வருகிற பென் டிரைவ்களைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரிப் பிள்ளைகள் கொண்டுவருவதில் பாதிக்கு ஷார்ட்கட் வைரஸ். செருகினால் ஃபோல்டர் எல்லாம் மறைந்து, அதே பெயரில் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட் மட்டும் நிற்கும். அதைத் தொட்டால் நம் சிஸ்டத்துக்கும் ஒட்டும், நம்மிடமிருந்து அடுத்த பென் டிரைவுக்கும் போகும். மின்ட்டில் செருகினால் மறைந்த ஃபோல்டரும் தெரியும், அந்த ஷார்ட்கட்டும் தெரியும், தொட்டாலும் அது ஒன்றும் செய்யாது. முதல் தடவை ஒரு பெண் பிராஜெக்ட் ரிப்போர்ட் போய்விட்டது என்று கண் கலங்கி நின்றாள். மறுநாள் காலை சமர்ப்பிக்க வேண்டுமாம். வாங்கிச் செருகினேன், ஃபோல்டர் அப்படியே இருந்தது. ஷார்ட்கட்டை எல்லாம் அழித்துவிட்டு, ஃபோல்டரை வேறு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து எனக்கு ஊரில் டாக்டர் மாதிரி ஒரு பேர். செய்தது இரண்டு நிமிட வேலை, நான் எதையும் சரிசெய்யவே இல்லை, ஆனால் அதை வெளியே சொன்னதில்லை. இங்கேதான் சொல்கிறேன்.

அதே 4 ஜிபி ரேம் கம்ப்யூட்டர், மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு, இன்னும் ஓடுகிறது. வேலைக்கு நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. அப்டேட் இருக்கிறது என்று ஓரமாகச் சொல்லும், நாம் எப்போது போடுகிறோமோ அப்போது போடும்.

இதில் எனக்கு வெட்கமும் ஒன்று உண்டு. அரசு இலவச லேப்டாப் கொடுத்த ஆரம்ப வருடங்களில் எங்கள் கடைக்கு வந்த சிலவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. நம் நாட்டிலேயே, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்தது. பிள்ளைகள் ஆன் செய்ததும் எதில் போவது என்று கேட்கிறது, பயமாக இருக்கிறது என்று கொண்டுவருவார்கள். அதை அழித்துக்கொடுக்க ஆளுக்கு 200 ரூபாய் வாங்கினேன். எத்தனை லேப்டாப் என்று கணக்கு வைக்கவில்லை.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது, இந்த இ-பாஸ் சமாசாரம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டியில் வர 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். அது நல்லதா கெட்டதா என்று நான் வாதாட வரவில்லை. போன் எண், வண்டி எண் மாதிரி விவரங்களைக் கொடுத்து ஆன்லைனில் எடுப்பது, கட்டணமும் இல்லை. ஆனால் குஞ்சப்பனை செக்போஸ்டில் நின்றுகொண்டு, ஊரில் இருக்கிற தூரத்துச் சொந்தத்துக்குப் போன் போட்டு, அந்தச் சொந்தம் என் கடைக்கு ஓடி வந்து, நான் வேலை நடுவில் நிறுத்திப் போட்டுக்கொடுத்து 20 ரூபாய் கேட்டால், "கவர்மெண்டே ஃப்ரீன்னு சொல்லுதே" என்று கேட்பார்கள். ஃப்ரீதான் அண்ணே, பாஸ் ஃப்ரீ. என் கரண்டு பில்லும் கடை வாடகையும் ஃப்ரீ இல்லையே. ஒரு நிமிட வேலைதானே என்பவர்கள் அந்த ஒரு நிமிடத்தை அவர்களே செலவழிக்கலாம். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும்.

இப்போது உண்மை நிலவரம். என் கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று மின்ட். இன்னொன்று காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ். ஏன் என்றால், கைரேகை வைக்கும் கருவிக்கு என்னிடம் வந்தது விண்டோஸ் மென்பொருள் மட்டும்தான். டேலி மென்பொருளில் கணக்கு போடுகிற ஒரு தேயிலைக்காரர் மாதம் ஒருமுறை வருவார், அதுவும் விண்டோஸ். அப்புறம் என் லேசர் பிரிண்டர். அதன் பெயர் வேண்டாம். அதற்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறது என்பார்கள், இருந்தது, ஒரு மாதம் வேலை செய்தது, ஒரு அப்டேட்டுக்குப் பிறகு காகிதத்தை உள்ளே இழுத்து வெள்ளையாகவே வெளியே தள்ளியது. இரண்டு ராத்திரி போராடிவிட்டு அதை விண்டோஸ் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டேன். அரைகுறையாக மாறியவன் என்று கிண்டல் செய்பவர்கள் செய்யட்டும், வாடகை கட்டுவது நான்.

உங்களுக்கு நான் சொல்வது, இன்றைக்கே எதையும் அழிக்காதீர்கள். மின்ட்டைப் பென் டிரைவில் போட்டு, நிறுவாமலே அதிலிருந்து ஓட்டிப் பாருங்கள், வட்டைத் தொடாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, தமிழ் அடிக்க முடிகிறதா, எல்லாவற்றுக்கும் மேல் பிரிண்டர் ஒரு பக்கம் தள்ளுகிறதா, ஒரு வாரம் பாருங்கள். கோப்புகளை வெளி வட்டில் இரண்டு பிரதி எடுத்துவிட்டு, எடுத்ததை வேறு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள். லேப்டாப்பிலேயே விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், விண்டோஸில் சீக்கிரம் ஆன் ஆவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் போய்விடும், லினக்ஸிலிருந்து அந்தக் கோப்புகளைப் படிக்கலாம், எழுத விடாது. பேட்டரி நிற்கிறதா என்றும் பாருங்கள், நிறுவும்போது நடுவில் கரண்ட் போனால் வம்பு.

உங்கள் கேள்வியில் ரேம் எழுதியிருக்கிறீர்கள், ஹார்ட் டிஸ்க் எழுதியிருக்கிறீர்கள், லேப்டாப் என்ன கலர் என்று கூட எழுதியிருக்கிறீர்கள். பிரிண்டர் என்ன மாடல் என்று எழுதவில்லை. அதைச் சொல்லுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.