ஒரே வருடத்து அமெரிக்க அரை டாலரைச் சிலர் டஜன் கணக்கில் சேர்க்கிறார்களே, ஏன்?

அந்தச் சிலரில் நானும் ஒருவன். 1827ஆம் வருடத்து அரை டாலர் மட்டும் என்னிடம் பதினொன்று இருக்கிறது. "எல்லாம் ஒண்ணுதானே?" என்று வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள்.

ஒன்று இல்லை. அப்போது பிலடெல்பியா நாணயச் சாலையில் தலை உருவத்தையும் கழுகையும் மட்டும்தான் மூல முத்திரையிலிருந்து எஃகு அச்சில் இறக்கினார்கள். சுற்றியிருக்கும் நட்சத்திரங்கள், எழுத்துகள், வருட எண் எல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் அடித்துப் பதித்தவை. கை இம்மி நகர்ந்தாலும் நட்சத்திரம் சாயும், எழுத்து தள்ளி நிற்கும். அதை வைத்தே எந்த முகப்பு அச்சு எந்தப் பின்புற அச்சோடு சேர்ந்தது என்று கண்டுபிடிக்கலாம். அந்த ஜோடிதான் ஒரு 'டை வெரைட்டி'. 1827க்கு மட்டும் நாற்பதுக்கு மேல் உண்டு. இந்த ஜோடிகளைப் பட்டியலிட்ட ஓவர்ட்டன் கொடுத்த எண்ணை, ஓ-101, ஓ-102 என்று சொல்லித்தான் நாங்கள் பேசிக்கொள்வோம்.

வெள்ளி டாலர் அடிப்பதை 1804இல் நிறுத்தியவர்கள் 1836 வரை திரும்பத் தொடங்கவில்லை. அதனால் அப்போது அடித்த வெள்ளிக் காசுகளில் பெரியது அரை டாலர்தான்; அவை வங்கிப் பெட்டகங்களில் மூட்டையாகக் கிடந்தன. அதிகம் தேயாமல் தப்பித்தன. சாதாரண ஜோடிகள் இன்றும் கைக்கெட்டும் விலைதான். அரியவை வேறு கதை. 4இன் மேல் 7 அடித்துத் திருத்திய 1817 அச்சு சீக்கிரமே பிளந்துவிட்டது. அதில் பிறந்த காசுகளில் இன்று தெரிந்தவை ஒரு டஜனுக்குள்தான்.

நான் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாணயக் கண்காட்சியில், நட்சத்திரங்களைத் தொட்டு மெல்லிய கோடு ஓடும் 1827 ஒன்றைப் பார்த்தேன். யாரும் கவனிக்காத புது வெரைட்டி என்று நினைத்து, பேரம்கூடப் பேசாமல் கேட்ட விலை கொடுத்தேன். வீட்டில் லூப் எனும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், என்னிடம் ஏற்கெனவே இருந்த அதே ஜோடி! அச்சு பழசாகி விரிசல் விட்டபின் அடித்த காசு, அவ்வளவே. விரிசல் அச்சின் வயதைத்தான் சொல்லும். போதாக்குறைக்கு யாரோ அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். பழைய வெள்ளியில் அதைவிடப் பாவம் கிடையாது.

தொடங்குவதாக இருந்தால் பத்து மடங்கு லூப் ஒன்றும், கிராமில் இரண்டு தசம இடம் காட்டும் தராசு ஒன்றும் முதலில் வாங்குங்கள். நல்ல காசு 13.48 கிராமை ஒட்டி நிற்கும். அந்த விரிசல் காசை நான் விற்கவில்லை. பதினொன்றில் அதுவும் சேர்த்தி.