கோய் மீன் சுவரில் உரசுகிறதா? மஞ்சள் நிறப் பொடியைத் தொடாதீர்கள்

கேள்வி: வீட்டு முற்றத்தில் 10 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி ஆழத்தில் குளம் கட்டி மூன்று வாரம் ஆகிறது. அலங்கார மீன் பண்ணைகள் நிறைந்த சென்னை கொளத்தூரிலிருந்து மீன் எடுத்து வந்து விற்கும் ஒருவரிடம் ஆறு அங்குலக் கோய் மீன்கள் (அலங்காரக் கெண்டை) பத்து வாங்கி விட்டோம். நான்காம் நாளிலிருந்து மீன்கள் சுவரில் உடம்பைத் தேய்க்கின்றன, திடீரென்று துள்ளுகின்றன. ஒன்று மட்டும் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியிலேயே கிடக்கிறது. விற்றவர் ஒரு மஞ்சள் நிறப் பொடியைக் கொடுத்து, தண்ணீரை முழுக்க மாற்றிவிட்டு இதைப் போடச் சொல்கிறார். போடலாமா? (கோவை வாசகி)

பதில்: போடாதீர்கள். தண்ணீரையும் முழுக்க மாற்றாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டு, மறுநாள் காலையில் மீன்கள் மிதக்கின்றன என்று எனக்குப் போன் செய்தவர்கள் நிறையப் பேர்.

உரசுவது ஒரு நோய் அல்ல. தோலிலோ செவுளிலோ எரிச்சல் இருக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் காரணம் இரண்டில் ஒன்று: தண்ணீரில் அமோனியா, அல்லது உடம்பில் ஒட்டுண்ணி. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா பில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உங்கள் குளத்துக்கு மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது. அதில் ஒரே நாளில் பத்து மீன். போதாததற்குப் புது சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பிஎச், அதாவது தண்ணீரின் கார அளவு, ஏறும். பிஎச் ஏற ஏற, அதே அளவு அமோனியா பல மடங்கு விஷமாகிவிடும். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்றை இன்றே வாங்குங்கள். அமோனியா 0.25 பிபிஎம்-ஐ (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) தாண்டினால் கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். தேவைப்பட்டால் நாளையும் கால் பங்கு. மாநகராட்சித் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் கலக்காமல் ஒரு குடம்கூட ஊற்றக் கூடாது. குளோரின் செவுளை நேராகத் தாக்கும். மூன்று நாளைக்கு இரை வேண்டாம். ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும்.

அந்த மஞ்சள் நிறப் பொடி பெரும்பாலும் லேபிள் இல்லாத ஆன்டிபயாடிக்தான். அது மீன் உடம்பில் ஒட்டும் பேன் போன்ற ஒட்டுண்ணியைக் கொல்லாது. பில்டரில் இப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். மனிதனுக்கு மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து, மீன் கடையில் பொட்டலமாகத் தொங்குகிறது. கேட்பார் இல்லை.

அடுத்து மீனைப் பாருங்கள். குளத்துத் தண்ணீரையே ஒரு வெள்ளை டப்பில் எடுத்து, அடியில் கிடக்கும் மீனை அதில் விடுங்கள். நல்ல வெளிச்சத்தில் துடுப்பின் அடிப்பக்கம், தாடைக்குக் கீழ், வால் தொடங்கும் இடம் ஆகியவற்றை நிதானமாகப் பாருங்கள். துவரம் பருப்பு அளவில், கண்ணாடி போல, தட்டையாக ஒன்று ஒட்டியிருக்கும். செதிலோடு செதிலாகத்தான் தெரியும். விரலால் தள்ளினால் நகரும். உற்றுப் பார்த்தால் இரண்டு கரும்புள்ளிகள், அதன் கண்கள். அதுதான் மீன் பேன். நகராமல், நூல் துண்டு போல செதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நங்கூரப் புழு. இரண்டையும் ஈரத் துணியில் மீனைப் பிடித்து இடுக்கியால் எடுக்கலாம். ஆனால் பேன் சுவரிலும் கல்லிலும் முட்டையிடும். அதனால் இரண்டு வாரம் கழித்து எல்லா மீனையும் மறுபடி பாருங்கள், அதற்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. பேன் மருந்து என்று பூச்சிக்கொல்லியை மூடியால் அளந்து ஊற்றச் சொல்வார்கள். அளவு கொஞ்சம் தவறினால் மீன் போய்விடும். பர்மாங்கனேட்டைத் தண்ணீர் ‘ரோஸ் கலராகும் வரை’ போடச் சொல்வதும் அப்படித்தான்.

உப்பு போடலாம், ஆனால் கணக்கோடு. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி 28.3-ஆல் பெருக்குங்கள். உங்கள் குளம் ஏறக்குறைய 6,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 3 கிலோ கல் உப்பு, ஆக 18 கிலோ. நாளைக்கு 6 கிலோ வீதம் மூன்று நாளில் கரைத்து விடுங்கள். உப்பு பேனைக் கொல்லாது. ஆனால் சோர்ந்த மீன் தாக்குப்பிடிக்க உதவும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. இதை யாரும் சொல்வதில்லை என்பதால் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பில்டருக்குள் வலைப் பையில் வெள்ளையும் சாம்பலுமாகச் சின்னச் சின்னக் கல் இருக்கிறதா? தண்ணீர் சுத்தமாகும் என்று சொல்லிக் கடைக்காரர்கள் போட்டுத் தரும் ஜியோலைட் அது. அமோனியாவை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; உண்மையிலேயே நல்ல பொருள். ஆனால் உப்புத் தண்ணீர் பட்டதும், உறிஞ்சி வைத்த அமோனியாவைத் திரும்பக் குளத்திலேயே விட்டுவிடும். பழைய ஜியோலைட்டை மறுபடி உபயோகிக்க உப்புத் தண்ணீரில்தான் ஊறவைப்பார்கள், காரணம் இதுதான். எனவே பையை வெளியே எடுத்த பிறகுதான் உப்பைத் தொட வேண்டும். பை இருக்கிறதா இல்லையா என்று தெரியாவிட்டால், பில்டரைத் திறந்து பார்க்கும் வரை உப்பு வேண்டாம். உப்பு போட்ட அன்றிரவே மீன் வாய் பிளந்து மேலே வந்து நின்றால் வைரஸ் என்று பயப்பட வேண்டாம், முதலில் அந்தப் பையைத் தேடுங்கள்.

விற்றவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொளத்தூரில் நேர்மையாக மீன் வளர்த்துக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். கோளாறு நடுவில். நாலு பண்ணை மீனை ஒரே தொட்டியில் கொட்டி, பையில் நீல மருந்தைக் கலந்து, ‘ஜப்பான் கோய்’ என்று சொல்லி விற்கும் ஆட்களிடம் கவனமாக இருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மீன் என்றால் நலச் சான்றிதழ் இருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள். பேனும் புழுவும் பெரும்பாலும் அந்தப் பொதுத் தொட்டியில்தான் ஒட்டிக்கொள்கின்றன. இன்னொரு மீன் வாங்குவதாக இருந்தால், ஒரு சின்டெக்ஸ் தொட்டியில் தனியாக மூன்று வாரம் வைத்துப் பார்த்த பிறகே குளத்தில் விடுங்கள். பைத் தண்ணீரைக் குளத்தில் ஊற்றவே கூடாது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் உரசல் தொடர்ந்தால், செவுளில் ஒட்டும் நுண்புழுவாக இருக்கலாம். மைக்ராஸ்கோப் இல்லாமல் சொல்ல முடியாது. இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊருக்கு ஊர் மருந்தகம் இருக்கிறது. மீன்வளப் பல்கலைக்கழகம் 2012-லிருந்து இருக்கிறது. ஆனாலும் வீட்டுக் குளத்து மீனைக் கொண்டுபோனால் ஒரு சொட்டுச் சளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்துச் சொல்ல, பக்கத்தில் ஆள் கிடைப்பதில்லை. அந்த இடத்தைத்தான் பொட்டலக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருவேளை மீன்வளக் கல்லூரிக்கோ பரிசோதனைக் கூடத்துக்கோ போக முடிந்தால், அடியில் கிடக்கும் அந்த மீனை உயிரோடு, ஆக்சிஜன் அடைத்த பையில் கொண்டுபோங்கள். குளத்துத் தண்ணீர் ஒரு பாட்டில் தனியாக. செத்து அரை நாளான மீனில் ஒட்டுண்ணி உதிர்ந்துவிடும், செவுளும் அழுகிவிடும். பார்த்துச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. இரண்டு மூன்று நாளில் மீன்கள் அடுத்தடுத்துச் செத்து, செவுளில் வெள்ளைத் திட்டும் குழி விழுந்த கண்ணும் தெரிந்தால் எதுவும் போடாமல் உடனே கிளம்புங்கள். மிச்ச மீன்களை யாருக்கும் கொடுக்காதீர்கள், ஏரியிலும் விடாதீர்கள்.