பழைய அமெரிக்கக் காம்பாக்ட் கார்களில் பின் ஆக்சில் மாற்றம்: கேள்வி பதில்

1970 டாட்ஜ் டார்ட், ஆறு சிலிண்டர் ஸ்லான்ட் சிக்ஸ் எஞ்சின். அதை எடுத்துவிட்டு 318 கன இன்ச் வி8 ஏற்றப் போகிறேன். இருக்கிற 7¼ இன்ச் ஆக்சில் (உள்ளே இருக்கும் ரிங் கியரின் விட்டம்) போதுமா அண்ணா?

மெதுவாக ஓட்டினால் சில நாள் ஓடும், நம்பி அழுத்த முடியாது. எல்லாரும் தேடுவது 8¾ தான். டிஃபரன்ஷியலை முன்பக்கமாக மொத்தமாகக் கழற்றலாம், அது பெரிய வசதி. ஆனால் டார்ட்டுக்கான அளவில் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். 1973-76 டார்ட், பிளிமத் வேலியன்டில் வந்த 8¼ ஐத் தேடுங்கள். தெருவில் ஓட்டும் 318க்கு அது தாராளம் என்பது என் கருத்து. கிரைஸ்லரின் அடுத்த பெரிய அளவான பி-பாடி கார் ஆக்சிலை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அதில் ஸ்பிரிங் இருக்கைகளுக்கு (லீஃப் ஸ்பிரிங் மேல் உட்காரும் தகடுகள்) நடுவே 44 இன்ச், உங்களுக்கு வேண்டியது 43.

வாங்கும் முன் போல்ட் வட்டத்தையும் (வீல் போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம்) அளந்துவிடுங்கள். உங்கள் டிரம் பிரேக் காரில் ஐந்து போல்ட், 4 இன்ச் வட்டம். 73க்குப் பிந்தைய 8¼ இல் 4½ இன்ச். முன்பக்கத்தையும் 4½க்கு மாற்றாவிட்டால் ஒரே ஸ்டெப்னி இரண்டு பக்கத்துக்கும் உதவாது.

64 ஃபோர்டு ஃபால்கனுக்கு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 இன்ச் ஆக்சில் பொருந்துமா?

பொருந்தும், வெட்டினால். 1995-2001 வண்டியினுடையதை எடுங்கள்: டிஸ்க் பிரேக், 31 ஸ்ப்ளைன் (முனையில் 31 பற்கள் கொண்ட) ஷாஃப்ட், 4½ இன்ச் வட்டம். அகலம் ஏறக்குறைய 59½ இன்ச், ஃபால்கனுக்கு அது அதிகம். நல்லவேளையாக இடது குழாய் வலதைவிட நீளம். இடதில் 3 இன்ச் அளவுக்கு வெட்டி, இன்னொரு வலப்பக்க ஷாஃப்டை அங்கே போட்டால் பினியனும் (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் கியர்) நடுவுக்கு வந்துவிடும். குழாய் நேராக இருக்கும்படி வெல்டிங் செய்யத் தெரிந்த பட்டறையிடம் மட்டும் கொடுங்கள்.

அப்புறம், 64 காரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று, டிரம்முக்கானது. இதை எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள். ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். டிஸ்க்குக்கு ஏற்ற இரட்டைச் சுற்று மாஸ்டர் கட்டாயம் வேண்டும்.

ஆக்சிலில் ரேஷியோ எழுதிய டேக் இல்லை. ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் எத்தனை சுற்று) எப்படித் தெரிந்துகொள்வது?

சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து, மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பினியன் மூன்றே கால் சுற்று சுற்றினால் 3.25 அல்லது அதற்கு மிக அருகில்.

மாற்றிய பிறகு வேகமெடுத்தால் அதிர்கிறது. டிரைவ் ஷாஃப்டை பேலன்ஸ் செய்தாயிற்று.

பினியன் கோணத்தைப் பாருங்கள். கியர்பாக்ஸின் கோடும் பினியனின் கோடும் இணையாக இருக்க வேண்டும். லீஃப் ஸ்பிரிங் காரில் அழுத்தும்போது பினியன் மூக்கு மேலே தூக்கும், அதனால் 2 அல்லது 3 டிகிரி தாழ்த்தி வைப்பார்கள். காரின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய பிறகு அளக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு ஸ்பிரிங் இருக்கையை வெல்டிங் செய்திருந்தால் கோணம் தப்பாகத்தான் இருக்கும்.

68 வேலியன்ட், இடப்பக்க வீல் நட் கழலவே மாட்டேன் என்கிறது. ஒரு ஸ்டட் உடைந்தேவிட்டது.

அழுத்துவதை உடனே நிறுத்துங்கள். அந்தக் காலத்து கிரைஸ்லர் கார்களில் இடப்பக்கம் இடது மரை. ஸ்டட் முனையைத் துடைத்தால் ‘எல்’ எழுத்து தெரியும். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால் கழலும்.